புறங்கையால் தொட்டுப் பாருங்கள்

நீர்வண்ண ஓவியத்தில் இரண்டாவது பூச்சுக்கு முன் தாளைப் புறங்கையால் மெல்லத் தொடுங்கள்; சில்லென்றிருந்தால் தூரிகையைக் கீழே வையுங்கள். ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்வதால், கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரியும் தாளும் குளிர்ந்திருக்கும். அதன்மேல் வண்ணம் வைத்தால் அடிப்பூச்சு கலங்கித் திட்டுத் திட்டாகப் பரவும். விலையுயர்ந்த பருத்தித் தாள் வீணாகிவிடும். பினாங்குக் காற்றில் ஈரப்பதம் அதிகம். அங்குள்ள ஜார்ஜ்டவுன் நகரில், கடைகளின் முன்புறக் கூரையிட்ட நடைபாதையான ஐந்தடியில் அமர்ந்து பழைய கடைவீடுகளை வரைபவர்களுக்கு, மழை ஓய்ந்த மாலையில் ஒரு பூச்சு காய்வதற்குள் பொறுமை போய்விடும். அந்த நேரத்தில் எதிர்ச்சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரியும் இடத்தை உற்றுப் பாருங்கள். எங்கே வண்ணமே வேண்டாம் என்பது அப்போதுதான் பிடிபடும்; படம் தேறுவதே அந்தக் காத்திருப்பில்தான் என்பேன். மேகம், கடல்மூட்டம் போல வண்ணங்கள் கரைந்து கலக்க வேண்டிய இடங்களுக்கு இது பொருந்தாது. குளிர்சாதன அறையிலும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்; அங்கே காய்ந்த தாளும் சில்லென்றுதான் இருக்கும்.