கணக்கு நோட்டில் டூரிங் இயந்திரம் ஓட்டுவது எப்படி?

கணிதவியலாளர் ஆலன் டூரிங்கின் அம்மா பிறந்தது எங்கள் போத்தனூரில். அந்த அம்மாவின் அப்பா மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். மகளிடம் பெருமையாகச் சொன்னேன். "சரிப்பா, அவர் என்ன செய்தார்?" என்றாள். அதைச் சொல்வதைவிட ஓட்டிக் காட்டுவது சுலபம்.

1936 மே மாதம், 23 வயதில், டூரிங் ஒப்படைத்த கட்டுரையில் கம்ப்யூட்டர் என்றால் கணக்குப் போடும் ஆள். அந்த ஆளின் தாள் பிள்ளைகளின் கணக்கு நோட்டைப் போலக் கட்டம் போட்டது என்கிறார். அந்த ஆளின் வேலையை விதிகளை மட்டும் பார்த்துச் செய்யும் கற்பனை இயந்திரம்தான் டூரிங் இயந்திரம். ஆகவே நமக்கும் கட்டம் போட்ட நோட்டு ஒன்று, பென்சில், ரப்பர், ஒரு புளியங்கொட்டை. நோட்டில் ஒரே வரிசை போதும். கொட்டை இருக்கும் கட்டத்தை மட்டும் பார்க்கலாம். பக்கத்துக் கட்டத்தை எட்டிப் பார்த்தால் அழுகுணி ஆட்டம்.

வரிசையின் நடுவில் 1011 என்று எழுதுங்கள். 0, 1 மட்டும் உள்ள இரும எண்ணில் இது 11 (8 + 2 + 1). கொட்டையை வலது கடைசி இலக்கத்தில் வையுங்கள். விதிகள்:

1 இருந்தால், அழித்து 0 எழுது. இடப்பக்கம் ஒரு கட்டம் நகர்.
0 இருந்தால், அழித்து 1 எழுது, நில்.
காலியாக இருந்தால், 1 எழுது, நில்.

மூன்றே அடியில் 1100 வந்துவிடும், அதாவது 12. கொட்டைக்குக் கூட்டல் தெரியாது, ஆனாலும் ஒன்றைக் கூட்டிவிட்டது.

முதல் தடவை மூன்றாவது விதியை எழுத மறந்துவிட்டேன். மகள் வேண்டுமென்றே 111 கொடுத்தாள். கொட்டை காலிக் கட்டத்துக்குப் போய் முழித்துக்கொண்டு நின்றது. நீங்களும் 111 ஓட்டிப் பாருங்கள். 1000 வர வேண்டும்.

அப்புறம் அந்த மூன்றாவது விதியைக் கெடுங்கள்: காலியாக இருந்தால் 0 எழுது, இடப்பக்கம் நகர். 1011 வழக்கம்போல நிற்கும். 111 நிற்காது, நோட்டுதான் தீரும். மூன்று வரி விதி என்பதால் நமக்குப் பார்த்ததும் தெரிகிறது. ஆனால் எந்த இயந்திரத்தைக் கொடுத்தாலும், அது எப்போதாவது 0 எழுதுமா (நிற்குமா என்பதைப் போன்ற கேள்விதான்) என்று தீர்ப்புச் சொல்லும் இயந்திரம் இருக்கவே முடியாது என்று டூரிங் நிறுவினார். எந்த வாக்கியத்தை நிறுவ முடியும், எதை முடியாது என்று தீர்மானிக்கும் பொதுவழி வேண்டும் என்ற கணிதவியலாளர் ஹில்பர்ட்டின் எதிர்பார்ப்பும் அதோடு விழுந்தது. (இன்னொரு கணிதவியலாளர் அலோன்சோ சர்ச் வேறு வழியில் போய் அதே முடிவில் கொஞ்சம் முந்திக்கொண்டார். டூரிங் வழியில்தான் புளியங்கொட்டைக்கு வேலை.)

அடுத்து டூரிங்கின் முதல் உதாரணத்தைப் போடுங்கள்: 0, 1, 0, 1 என்று வலப்பக்கமாக எழுதிக்கொண்டே போவது, ஆனால் ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டத்தில். ஏன் விட வேண்டும் என்று மகள் கேட்டாள். நம் கொட்டையைப் போல அவர் விடையை அழிப்பதில்லை. விட்ட கட்டங்கள் ரஃப் வொர்க்குக்கு.