அவரைக்காயிலிருந்து ஆரம்பிக்கலாம்: எல்கேஜி வகுப்பில் ஸ்மார்ட் போர்டு

பெங்களூரு அல்சூர் பக்கம் ஒரு மழலையர் பள்ளியில் எல்கேஜி எடுக்கிறேன். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் பாதிக்கு மேல். மற்றவர்கள் கன்னடம், தெலுங்கு. ஸ்மார்ட் போர்டு (விரலால் தொட்டு இயக்கும் பெரிய திரை) புதிதாக வந்திருக்கும் வகுப்புகளின் டீச்சர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ரைம்ஸ் வீடியோ ஓட்டுவதற்கு இந்தப் போர்டு வேண்டாம், ஒரு டிவி போதும். பிள்ளையின் விரல் பட்டு ஏதோ ஒன்று நகர வேண்டும், அதற்குத்தான் இது.

1. உங்களிடம் இருப்பது எது?

ப்ரொஜெக்டர் வெளிச்சம் விழும் வெள்ளைப் பலகையா, பெரிய டிவி போன்ற பேனலா என்று பாருங்கள். ப்ரொஜெக்டர் வகை என்றால், அது கொஞ்சம் அசைந்தாலும் தொட்ட இடம் ஒன்று, கோடு விழும் இடம் வேறு என்று ஆகிவிடும். செட்டிங்ஸில் காலிபரேஷன் (தொடும் இடத்தைச் சரிசெய்யும் வசதி) இருக்கும். திரையில் வரும் குறிகளை வரிசையாகத் தொட்டால் சரியாகிவிடும். அப்புறம், பிள்ளைகள் ப்ரொஜெக்டர் வெளிச்சத்துக்கு நேராகத் திரும்பிப் பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேனல்களில் பலவும் அகச்சிவப்புக் கதிரால் வேலை செய்பவை. கண்ணாடிக்குச் சற்று மேலே கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். எது மறைத்தாலும் போர்டு அதை விரல் என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு நாள் எங்கள் வகுப்பில் யாரும் தொடாமலே கோடு தானாக ஓடிக்கொண்டிருந்தது. அணைத்து மறுபடி ஆன் செய்தும் நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால், சட்டத்தின் கீழ் ஓரத்தில் யாரோ ஒட்டிய ஒரு நட்சத்திர ஸ்டிக்கர்! அதை உரித்ததும் நின்றுவிட்டது. துப்பட்டா நுனி, தொங்கும் வளையல், சட்டைக்கை எல்லாமே இந்த வேலையைச் செய்யும்.

2. எட்டுகிற உயரம்

நாலு வயதுப் பிள்ளை சராசரியாக 103 செ.மீ. உயரம் இருக்கும். நம் கண் மட்டத்துக்கு மாட்டிய போர்டில் மேல் பாதி அதற்கு எட்டவே எட்டாது. ஸ்டூல் போடாதீர்கள், விழுந்துவிடுவார்கள். பிள்ளை தொட வேண்டிய படங்களை எல்லாம் திரையின் கீழ்ப்பகுதியில் வையுங்கள். மேல்பகுதி நீங்கள் எழுத.

3. ஒரே ஒரு பக்கம் தயார் செய்யுங்கள்

ஓபன்போர்டு என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. படத்தைப் பக்கத்தில் போட்டு, நகரக் கூடாததைப் பூட்டி வைக்கலாம், மற்றதை விரலால் இழுக்கலாம். பவர்பாயிண்டும் ஆகும், ஆனால் ஸ்லைடு ஷோ ஓடும்போது படத்தை இழுக்க முடியாது. எடிட் திரையிலேயே வைத்து நடத்துங்கள். தமிழ் எழுத்துக்கு யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை) பயன்படுத்துங்கள். பழைய ஃபான்டில் அடித்தால் போர்டின் கணினியில் புரியாத குறிகளாக வந்து நிற்கும்.

4. பாடம்

டிசம்பர், ஜனவரியில் இந்த ஊர்த் தெருவெல்லாம் அவரைக்காய்க் குவியல். அதில் கால் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். முந்தின நாள் இரவே ஒரு காயைப் பிளந்து, தோலையும் பருப்பையும் தனித்தனியாகப் போனில் படம் எடுங்கள். தோல் படத்தைப் பெரிதாக வைத்துப் பூட்டுங்கள். அதன் கீழே ஐந்து பருப்புப் படங்கள், ஒவ்வொன்றும் பிள்ளையின் மூடிய கை அளவு. சின்னதாக வைத்தால் மூன்று வயதுப் பிள்ளைகள் பாதி வழியில் விரலை எடுத்துவிடுவார்கள், பருப்பு அங்கேயே நின்றுவிடும், முகம் வாடிவிடும். இழுக்கும் தூரமும் ஒரு சாண் போதும்.

வகுப்பில் முதலில் போர்டை ஆன் செய்யாதீர்கள். ஆளுக்கொரு காய் கொடுங்கள். மோந்து பார்க்கட்டும், உரிக்கட்டும். தமிழ்ப் பிள்ளை "பிதுக்கலாமா மிஸ்?" என்னும், கன்னடப் பிள்ளை "ஹிதக்கபேளே!" (பிதுக்கிய பருப்பு) என்னும். இரண்டு சொல்லையும் எல்லாரையும் சொல்ல வையுங்கள். அப்புறம் போர்டு. "உன் காயில் எத்தனை இருந்தது கண்ணா?" மூன்று இருந்தால் மூன்றை மட்டும் இழுத்துத் தோலுக்குள் வைக்க வேண்டும். அடுத்த பிள்ளையிடம் நாலு இருக்கும், அதனால் பார்த்துக் காப்பியடிக்க முடியாது. தன் கையில் இருப்பதை எண்ணித்தான் ஆக வேண்டும். இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு கை மூடி மூடித் திறந்து பருப்பைச் சரிபார்க்கும், இன்னொரு கை திரையில் இழுக்கும்.

5. ஒரு கை முதுகில்

இடது உள்ளங்கையைப் போர்டில் ஊன்றிக்கொண்டு வலது கையால் இழுப்பது பிள்ளைகளின் வழக்கம். போர்டு இரண்டையும் தொடுதலாக எடுத்துக் குழம்பும். கையில் பருப்பு இல்லாத மற்ற பாடங்களில் "ஒரு கை முதுகில்" என்று பழக்குங்கள். காத்திருப்பவர்கள் சும்மா உட்காரக் கூடாது; தட்டில் பருப்பை வரிசையாக அடுக்கட்டும்.

6. நேரம்

3, 4 வயதுக்கு நாள் முழுக்கச் சேர்த்தே ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார அமைப்பு 2019இல் சொன்னது. வீட்டில் போன் பார்ப்பதும் அந்தக் கணக்கில்தான் வரும். அதனால் நான் பத்து நிமிடத்துக்கு மேல் போவதில்லை. எல்லாருக்கும் முறை வராவிட்டால் மீதிப் பேருக்கு நாளைக்கு.

7. சாயங்காலம்

போர்டை அணைத்துவிட்டு, நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் கீழ்ப்பகுதியைத் துடையுங்கள். விரல் பிசுக்கு முழுக்க அங்கேதான் இருக்கும். ஸ்ப்ரேயைத் திரை மேல் நேராக அடிக்காதீர்கள், துணியில் அடியுங்கள். பேனல் என்றால் சட்டத்தின் உள் ஓரத்தையும் உலர்ந்த துணியால் ஒரு சுற்று. ஸ்டிக்கர் ஏதாவது இருந்தால் அப்போதே கையில் தட்டுப்படும்.