ஒன்றாம் வகுப்பில் கலையோடு பாடம்: பயறு ஒட்டுவதை முதலில் நிறுத்துங்கள்

ஜூனில் பள்ளி திறந்ததும் ராமநாதபுரம் கடலோரத்து மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்கள் ஆர்வத்தோடு கலர் பேப்பரும் பசையும் வாங்கி வருகிறார்கள். 2022-இல் தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு ஆடல், பாடல், பொம்மை எல்லாம் வகுப்புக்குள் வந்துவிட்டன. அது நல்ல மாற்றம். ஆனால் ஆண்டுதோறும் அதே தவறுகள் திரும்ப வருகின்றன. கத்தரிக்கோல் முனை மழுங்கலாக இருக்க வேண்டும் என்பது போன்றவை எல்லாருக்கும் தெரியும். அவற்றை இங்கே சொல்லவில்லை.

எழுத்தின் மேல் பயறு ஒட்டுதல்

இதைப் பார்க்காத பள்ளியே இல்லை. அட்டையில் பெரிதாக ‘ப’ வரைந்து கொடுப்பது, பிள்ளைகள் அதன் மேல் பசை தடவிப் பாசிப்பயறு ஒட்டுவது. போட்டோவில் அழகாக இருக்கும். பெற்றோருக்குப் பிடிக்கும். இதில் வீணாவது பயறு மட்டுமல்ல. அந்தப் பிள்ளையின் கைப்பழக்கமே கெடுகிறது.

எழுத்து என்பது கை போகும் பாதை. ‘ப’ இடப்பக்கம் மேலே தொடங்கிக் கீழே இறங்கி, வலப்பக்கம் போய், மேலே ஏறுகிறது. பயறு ஒட்டும் பிள்ளை எங்கே பசை ஈரமாக இருக்கிறதோ அங்கே தொடங்கும். ஒன்று நடுவில், ஒன்று வலது ஓரத்தில், ஒன்று கீழ்க்கோட்டில். எழுத்து அதற்கு நிரப்ப வேண்டிய ஒரு படமாகிவிடுகிறது. அப்புறம் ஸ்லேட்டில் எழுதும்போது ‘ப’வை வலப்பக்கமிருந்து தொடங்கி இடப்பக்கம் முடிக்கிறது. பார்வைக்கு ‘ப’ சரியாகத்தான் இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. ‘ம’ வரும்போதுதான் சிக்கல் தெரியும். ‘ம’வின் சுழிப்பு வலப்பக்கம் முடிந்த இடத்திலிருந்து உள்ளே திரும்ப வேண்டும். கை இடப்பக்கம் வந்து நிற்கும் பிள்ளைக்குத் திரும்ப வழியில்லை. அது எழுதும் ‘ம’ கண்ணாடியில் பார்த்தது போல மாறி நிற்கும், அல்லது கோலை எடுத்துச் சுழிப்பைத் தனியாக ஒட்டவைக்கும். இரண்டாம் வகுப்பு ஆசிரியர் இதைத் திருத்த மாதக்கணக்கில் போராட வேண்டும்.

நேரக் கணக்கையும் பாருங்கள். 40 நிமிட வகுப்பில் பயறு பங்கிடவே 5 நிமிடம், ஒட்ட 25, துடைத்துக் கூட்ட 10. அந்த 40 நிமிடத்தில் பிள்ளை ‘ப’ என்று எத்தனை முறை வாய்விட்டுச் சொன்னது என்று பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள். பெரும்பாலும் ஒரு முறைகூட இருக்காது. போதாக்குறைக்கு, ஒட்டிய பயற்றைத் தேடி ராத்திரி எலி வரும்.

இதே 40 நிமிடத்தில், கரையில் கிடைக்கும் பொருள்களை வைத்து, கலையும் எழுத்தும் சேர்ந்து வரும்படி செய்யலாம். ‘படகு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ப’, ‘ட’ இரண்டும் நேர்கோட்டு எழுத்துகள், இரண்டும் அதில் இருக்கின்றன.

முதலில் காற்றில் எழுதுதல். ஆசிரியர் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். முகம் பார்த்து நின்று எழுதினால் உங்கள் இடம் அவர்களுக்கு வலமாகிவிடும். கை நகரும்போதே ஒலியையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது மணல். நான்கு பிள்ளைக்கு ஒரு எவர்சில்வர் தாம்பாளம், அதில் 1 செ.மீ. உயரத்துக்கு மணல். கடற்கரை மணலை அப்படியே அள்ளிக் கொட்டக் கூடாது. உப்பு இருக்கும்வரை காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டிகட்டியாகிவிடும். நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசி, காயவைத்து, சல்லடையில் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு தொடங்கும் முன் ஒரு தாம்பாளத்துக்குக் கால் டம்ளர் தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள். காய்ந்த மணலில் கோடு சரிந்து மூடிக்கொள்ளும், ஈர மணலில் நிற்கும். ஒவ்வொரு பிள்ளையும் ஒலியைச் சொல்லிக்கொண்டே ஐந்து முறை எழுதட்டும்.

மூன்றாவதாக ஈர்க்கு. பனையோ தென்னையோ, 15 செ.மீ. நீளத்தில் பிள்ளைக்கு இரண்டு. காய்ந்த ஈர்க்கு மடக்கினால் ஒடியும், அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். ‘ட’வுக்கு ஒரு மடிப்பு, ‘ப’வுக்கு இரண்டு. ஒரே ஈர்க்கு என்பதால் மடிக்கும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றாகவே வரும். துண்டு துண்டாக நறுக்கி ஒட்டவைத்தால் மறுபடியும் பயறு கதைதான்.

கடைசி 10 நிமிடம் தாளில். ‘ப’வை எழுதி, அதையே படகின் அடிப்பாகமாக வைத்து மேலே என்ன வேண்டுமோ வரையட்டும். வல்லத்தில் (மீன்பிடிப் படகில்) ஏறும் வீட்டுப் பிள்ளை எஞ்சினை எங்கே வைக்கிறது, வலையை எங்கே குவிக்கிறது என்று கவனியுங்கள். புத்தகத்துப் படகைக் காட்டி அதைத் திருத்தாதீர்கள்.

எழுத்தை எண்ணிக் கைதட்டுதல்

தாளத்தோடு சொல் பிரிக்கும்போது எழுத்துக்கு ஒரு தட்டு என்று பழக்கினால் புள்ளி வைத்த எழுத்து வந்ததும் தாளம் இடறும். ‘நண்டு’ எழுத்தில் 3, தட்டில் 2: நண்-டு. ‘கணவாய்’ எழுத்தில் 4, தட்டில் 3: க-ண-வாய். ‘படகு’ இரண்டிலும் 3. முதல் வாரம் காதுக்குக் கேட்கும் தட்டு மட்டும் போதும். எழுத்தை எண்ணுவது அதற்கப்புறம், விரல்விட்டு, தனியாக.

செல்போனில் பாட்டு போட்டுவிட்டு உட்காருதல்

நீங்கள் பாடுங்கள். கரைவலை இழுக்கும்போது ஒருவர் சொல்ல மற்றவர் ‘ஏலேலோ’ போடும் அம்பாப் பாட்டின் முறையில் ஒன்று முதல் பத்து வரை சொல்லிக்கொடுத்தால், பின்பாட்டு பாடும் பிள்ளைக்கு மூச்சுவிடவும் இடம் கிடைக்கும்.

கணக்குக்கு உப்பு மாவு

மீன் ஏலம் விளையாடிக் கணக்குச் சொல்லித் தருவது அருமையான வேலை. பிள்ளைகளே மீன் செய்து, கூறுக்கு 5 என்று அடுக்கி, இரண்டு கூறு எத்தனை, மூன்று கூறு எத்தனை என்று ஏலம் விடலாம். நண்டு செய்தால் கொடுக்கோடு சேர்த்துப் பத்துக் கால். கரைப் பிள்ளைகள் ஒன்றைக்கூட விடமாட்டார்கள், பத்து என்ற எண் அங்கேயே நிலைத்துவிடும்.

தவறு மாவில்தான். 2 பங்கு மைதா, 1 பங்கு உப்பு, 1 பங்கு தண்ணீர் என்ற அளவு கடல் இல்லாத ஊர்ப் பக்கம் சரிவரும். கடலோரத்தில் அந்த உப்பே ஈரம் இழுத்து, மறுநாள் மீனெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். அன்றே செய்து அன்றே விளையாடி முடிப்பதாக இருந்தால் மாவு போதும். வைத்திருந்து பயன்படுத்த வேண்டுமென்றால் கண்மாய்க் களிமண். கல், வேர் பொறுக்கி, ஒரு ராத்திரி ஊறவைத்துப் பிசைந்து, விரல் தடிமனுக்கு மேல் போகாமல் செய்து, மூன்று நாள் நிழலில் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

காற்றையும் மழையையும் மறந்து திட்டமிடுதல்

ஜூன், ஜூலையில் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று. ஜன்னலோரம் தாள் வேலை வைத்தால் பாதி வகுப்பு தாள் பொறுக்கப் போய்விடும். மணலும் களிமண்ணும் அப்போது ஏற்றவை, பாட்டும் ஆட்டமும் உள்ளே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், பசை காயாது, சார்ட் சுருளும். ஒட்டும் வேலையை ஜனவரிக்குத் தள்ளுங்கள்.

சுவருக்காகச் செய்தல்

அதிகாரி வரும் நாளுக்காக ஆசிரியரே திருத்தி வரைந்த படம் பிள்ளையுடையது ஆகாது. ஒட்டாதீர்கள்.

கரையில் கிடைத்ததையெல்லாம் வகுப்புக்குள் கொண்டுவருதல்

சிப்பி, சோழி எண்ணப் பழக்கலாம். பத்து நிமிடம் கொதிக்கவைத்துக் காயவைத்த பிறகு, கூர் முனை இல்லாதவை மட்டும். மூக்கிலும் காதிலும் நுழையும் அளவுச் சின்னவை வேண்டாம்.

பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை மூன்றும் கூடவே கூடாது. செத்துக் கரை ஒதுங்கியது என்றாலும் வைத்திருப்பது குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இவை 2001-இல் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவில் அடக்கம், அங்கிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது. பிள்ளை ஆசையாகப் பவளத்துண்டு கொண்டுவந்தால் திட்டாதீர்கள், அலமாரியிலும் வைக்காதீர்கள். அதைப் பார்த்து ஒரு படம் வரையச் சொல்லிவிட்டு, சாயங்காலம் எடுத்த இடத்திலேயே விட்டுவரச் சொல்லுங்கள்.