அக்காவின் மீன் விலையும் எஃப்மேப்பும்

கடலூர் முதுநகரில் அக்கா மீன் விற்கிறாள். கணக்கு போட்டுத் தருவது நான், அதுவும் ஹாஸ்கெல் என்ற புரோகிராமிங் மொழியில். சிரிக்காதீர்கள்.

விலைப் பட்டியல் 180, 200, 680. கிலோவுக்கு 20 ரூபாய் ஏற்ற வேண்டும். லூப் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு விலையை வாங்கி 20 கூட்டித் தரும் ஃபங்ஷனை எழுதி எஃப்மேப்பிடம் (fmap) கொடுங்கள். அது ஒவ்வொரு விலைக்கும் அந்த ஃபங்ஷனை ஓட்டும். 200, 220, 700 வரும். வரிசை மாறாது.

அதே ஃபங்ஷன் மேபிக்கும் (Maybe: மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்) ஓடும். இன்று வஞ்சிரம் வரவில்லையா, அதன் விலை நத்திங், அதாவது மதிப்பே இல்லை. எஃப்மேப் செய்த பிறகும் நத்திங்தான். தனியாக இஃப் போட்டுப் பார்க்க வேண்டாம். மீன் பெயரைக் கீயாக வைத்து விலையைச் சேமிக்கும் மேப் (Map) என்றால் விலை மட்டும் ஏறும், பெயரைத் தொடாது. (இதற்கும் மேப் என்றே பெயர் வைத்த புண்ணியவான் யாரோ!)

நான் மாட்டிக்கொண்டது செட்டில், அதாவது ஒரே மதிப்பை இரண்டு முறை வைக்காத தொகுப்பில். விலைகளை நூறு நூறாக முழுமையாக்கினேன். 180-ம் 200-ம் ஒன்றாகிவிட்டன. "ரெண்டு விலைதான் இருக்கு, சங்கரா எங்கடா?" என்றாள் அக்கா. செட் ஒரு ஃபங்க்டர் இல்லை, அதாவது எஃப்மேப் அதில் ஓடாது. அதற்கென்று உள்ள தனி மேப் ஃபங்ஷன், அளவைச் சுருக்கிவிடலாம். எண்ணிக்கை குறையக் கூடாதென்றால் முதலில் டூலிஸ்ட்டால் பட்டியலாக்கிவிட்டு எஃப்மேப்பை ஓட்டுங்கள்.