எண்ணிக் கழிக்க ஒரே சூத்திரம்
நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகில் போகப் பெயர் தந்தவர்களை எக்செலில் போட்டு வைத்திருக்கிறோம், இதில் எத்தனை பேர் இன்னும் காசு தரவில்லை என்று ஒவ்வொரு தரமும் எண்ணத் தேவையில்லை. பெயர்கள் ஏ நிரலிலும் கட்டிய தொகை பி நிரலிலும் இருந்தால், வெற்றுக் கட்டமொன்றில் ஆங்கில எழுத்தில் இப்படி அடியுங்கள்:

=COUNTA(A2:A60)-COUNT(B2:B60)

முன்னது வெறுமையாக இல்லாத எல்லாக் கட்டங்களையும் எண்ணும், பின்னது எண்களை மட்டும்தான் எண்ணும், மிச்சம் வருவது காசு தராதவர்கள். ஒருவர் கட்டியதும் தொகையை அடித்தால் விடை தானாக ஒன்று குறையும்.

ஆனால் 2500 என்று எண்ணை மட்டும் அடியுங்கள். "ரூபா 2500" என்றால் அது எழுத்தாகிவிடும், கட்டியவரும் பாக்கிக்காரராகவே நிற்பார், பாவம். அப்புறம், பெயர் நிரலில் தவறுதலாக விழுந்த ஸ்பேஸையும் கவுண்ட்ஏ ஓர் ஆளாக எண்ணிவிடும்.