கசுட்டோ இயோக்காவின் பட்டச் சண்டைகள்: எங்கே ஆரம்பிப்பது, எதைக் கவனிப்பது

ஜப்பான் குத்துச்சண்டை என்றாலே இப்போது எல்லோரும் நவோயா இனோவேயின் நாக் அவுட் துணுக்குகளைத்தான் தேடிப் போகிறார்கள். போகட்டும், அதுவும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் சின்ன எடைப் பிரிவுகளில் ஒரு சண்டை எப்படிக் கட்டப்படுகிறது என்று புரிந்துகொள்ள ஆசையிருந்தால் நான் கைகாட்டுவது கசுட்டோ இயோக்காவை. ஒசாகா மாகாணத்துக்காரர், 1989இல் பிறந்தவர். மினிமம், லைட் ஃப்ளை, ஃப்ளை, சூப்பர் ஃப்ளை என்று நாலு பிரிவிலும் உலகப் பட்டம் வாங்கிய முதல் ஜப்பானிய ஆண் வீரர். தோற்றிருக்கிறார், ஓய்வு அறிவித்துவிட்டுத் திரும்பியும் வந்திருக்கிறார், அதனால் எல்லா வகைச் சண்டையும் இவரிடம் கிடைக்கும்.

முதலில் எடைக் கணக்கை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மினிமம் 47.6 கிலோ, லைட் ஃப்ளை 48.9, ஃப்ளை 50.8, சூப்பர் ஃப்ளை 52.1. கீழிருந்து மேலே மொத்தமே நாலரைக் கிலோதான். “இதுக்கா இவ்வளவு பேச்சு” என்று தோன்றும், ஆனால் உடம்பே 48 கிலோ இருக்கும்போது நாலரை என்பது கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு, அதோடு மேலே போகப் போக எதிரில் நிற்பவர் உயரமாகவும் கை நீளமாகவும் இருப்பார், கீழே ஒருவரைப் படுக்க வைத்த அதே அடியை இங்கே வாங்கிக்கொண்டு திருப்பி அடிப்பார். இயோக்காவின் மாமா/சித்தப்பா தலைமுறையில் ஹிரோக்கி இயோக்கா என்று ஒரு சாம்பியன் அந்தக் குடும்பத்திலேயே இருந்தார். கீழ் இரண்டு பிரிவுகளில் பட்டம் வாங்கியவர், அதற்கு மேல் முயன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை.

சரி, எங்கே ஆரம்பிப்பது? தேதி வரிசையில் பார்க்காதீர்கள், பாதியில் விட்டுவிடுவீர்கள். 2020 டிசம்பர் 31, டோக்கியோ, கொசெய் தனாகாவுடன் நடந்த சண்டையிலிருந்து தொடங்குங்கள். தனாகா அதுவரை 15 சண்டையில் தோல்வியே காணாதவர், மூன்று பிரிவு சாம்பியன், இளையவர், கை வேகம் அபாரம். இயோக்காவுக்கு வயதாகிவிட்டது என்ற பேச்சு இருந்த நேரம். சண்டையை முதல் தடவை சும்மா பாருங்கள். இரண்டாம் தடவை இயோக்காவின் இடது கையை மட்டும் பாருங்கள், வேறு எதையும் பார்க்க வேண்டாம். ஆரம்ப ரவுண்டுகளில் அது பெரும்பாலும் ஜாபாகத்தான் (நேராக நீட்டி அடிக்கும் வேகமான குத்து) போகும், எதிராளியின் தூரத்தை அளந்துகொண்டே இருக்கும். தனாகா உள்ளே பாய்ந்து வேகமாக அடுக்கி அடிக்கிறாரே, அந்த அடுக்கின் நடுவில் அவருடைய கார்ட் (முகத்தைக் காக்கத் தூக்கி வைத்த கைகள்) இறங்கும் ஒரு நொடிக்காகத்தான் இயோக்கா காத்திருக்கிறார். ஐந்தாவது ரவுண்டில் அந்த நொடி வருகிறது, இடது ஹுக் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து), தனாகா கீழே. ஆறாவதில் மறுபடியும் அதே கை, மறுபடியும் கீழே. எட்டாவதில் இன்னொரு இடது ஹுக்கில் தனாகா தள்ளாட, ரெஃப்ரி நிறுத்திவிடுகிறார். அந்தக் கையில் இன்னொரு விஷயமும் தெரியும்: பச்சை குத்தியது வெளியே தெரியக்கூடாது என்பது ஜப்பான் குத்துச்சண்டை ஆணையத்தின் விதி, அதற்காகப் பூசியிருந்த மேக்கப் வியர்வையில் கலைந்து பச்சை தெரிந்துவிட, ஜெயித்தவருக்கு அப்புறம் கடும் எச்சரிக்கை கொடுத்தார்கள். அவ்வளவு நல்ல சண்டைக்குப் பிறகு சில நாள் இதுதான் பேச்சு.

இது பிடித்திருந்தால் 2011 பிப்ரவரி 11க்குப் போங்கள். கோபே நகரம், டபிள்யூபிசி (உலகப் பட்டம் கொடுக்கும் பல அமைப்புகளில் ஒன்று) மினிமம் பட்டம், எதிரில் தோல்வியே அறியாத தாய்லாந்தின் ஒலேடோங். இயோக்காவுக்கு அது ஏழாவது தொழில்முறைச் சண்டை மட்டுமே. ஐந்தாவது ரவுண்டில் முடித்தார். அதே இடது கைதான், ஆனால் ஒன்பது வருடம் இளைய, பொறுமை குறைந்த இடது கை.

அடுத்தது 2012 ஜூன் 20, ஒசாகா, அகிரா யாயேகாஷி. இரண்டு ஜப்பானிய உலக சாம்பியன்கள் வெவ்வேறு அமைப்புகளின் பட்டங்களை இணைக்க மோதிய முதல் சண்டை. யாயேகாஷியின் இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொள்ள, டாக்டர் வந்து வந்து பார்க்கிறார், மனிதர் விட்டால்தானே! இங்கே பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரவுண்டும் ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்கு 9. ஒருவர் கீழே விழுந்தால் பெரும்பாலும் 10-8. ரவுண்ட் முடிந்த உடனே எழுதுங்கள், அப்புறம் திருத்தக் கூடாது. வர்ணனையின் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள், கூட்டம் சொந்த ஊர்க் கூட்டம், இயோக்காவின் அடி கார்டில் பட்டாலும் கத்தும். மூன்று ஜட்ஜுகளும் இயோக்காவுக்கே கொடுத்தார்கள், ஆனால் ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசத்தில்தான். உங்கள் தாளில் யாயேகாஷி ஜெயித்திருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

லைட் ஃப்ளையை வேகமாகக் கடந்துவிடலாம். 2012 டிசம்பர் 31இல் மெக்சிகோவின் ரொட்ரிகெஸை ஆறாவது ரவுண்டில் நிறுத்தி டபிள்யூபிஏ என்ற இன்னொரு அமைப்பின் பட்டம் வாங்கினார், ஆனால் அதே அமைப்பின் அதே எடையில் ‘சூப்பர்’ சாம்பியன் என்று ரோமான் கொன்சாலெஸ் உட்கார்ந்திருந்தார், அவரோடு மோதவே இல்லை. ஒரே எடையில் ஒரே அமைப்பு இரண்டு பேருக்குப் பெல்ட் கொடுக்கும் கூத்து இது. எனவே எந்தப் பட்டச் சண்டையைப் பார்த்தாலும் அந்தப் பிரிவில் அப்போது வேறு யார் யார் இருந்தார்கள் என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.

தோல்விகளைத் தாண்டிப் போகாதீர்கள், பாடம் அங்கேதான் இருக்கிறது. 2014 மே 7, அம்நாட் ருவன்ரோங். சிறையில் குத்துச்சண்டை கற்று ஒலிம்பிக் வரை போன தாய்லாந்துக்காரர். நீளமான கை, பிடித்து நிறுத்துவது, விலகுவது என்று இயோக்காவின் ஜாப் தூரத்தையே கலைத்துவிட்டார். ஃப்ளையில் முதல் முயற்சி, தொழில்முறை வாழ்க்கையின் முதல் தோல்வி. மறுவருடம் ஏப்ரலில் அர்ஜென்டினாவின் ரெவேகோவைப் புள்ளிகளில் வென்று மூன்றாவது பிரிவை முடித்தார். அந்தச் சண்டை சுமார்தான். அதே வருடம் டிசம்பர் 31இல் நடந்த மறுசண்டைதான் அருமை, பதினோராவது ரவுண்டில் முடிகிறது. வயிற்றுப் பக்கம் அடித்து அடித்து ஒருவரைக் காலி செய்வது எப்படி என்று அதில் பார்க்கலாம்.

புள்ளி போடப் பழகிவிட்டீர்களா? அப்படியானால் 2018 டிசம்பர் 31, மக்காவ், டோனி நியெட்டெஸ். ஒரு ஜட்ஜ் 118-110 நியெட்டெஸுக்கு, இன்னொருவர் 116-112 இயோக்காவுக்கு, மூன்றாமவர் 116-112 நியெட்டெஸுக்கு. ஒரே சண்டைதான்! நிறைய அடித்தவருக்குக் கொடுப்பீர்களா, குறைவாக ஆனால் சுத்தமாக அடித்தவருக்கா என்று உங்களையே முடிவெடுக்க வைக்கும். ஆறு மாதம் கழித்து, 2019 ஜூன் 19இல் ஃபிலிப்பைன்ஸின் பலிக்டேயை எதிர்த்து நாலாவது பிரிவைப் பிடித்தார். ஏழாவது ரவுண்டைத் திரும்பத் திரும்பப் பாருங்கள்: தன்னைவிடப் பெரிய ஆள் மொத்த பலத்தையும் கொட்டுகிறார், இயோக்கா ஓடாமல் தாங்கி, இடையில் பதிலும் கொடுத்து, பத்தாவதில் முடிக்கிறார்.

பிந்தைய காலத்துக்கு மூன்று போதும். 2022 கடைசி நாளில் ஜாஷுவா ஃபிராங்கோவுடன் சமன். ஃபிராங்கோ விடாமல் அடித்துக்கொண்டே இருப்பார், எண்ணிக்கைக்கும் தரத்துக்கும் இடையே இன்னொரு பரீட்சை. 2024 ஜூலை 7, டோக்கியோவின் ரியோகோக்கு, ஃபெர்னாண்டோ மார்ட்டினெஸிடம் தோல்வி. 2025 மே 11 அவரோடு மறுசண்டை. நேரமில்லாவிட்டால் மறுசண்டையின் பத்தாவது ரவுண்டையாவது பாருங்கள், 36 வயதில் மார்ட்டினெஸைக் கீழே தள்ளுகிறார், ஆனாலும் புள்ளிகளில் தோற்கிறார். அதுவரை போன ரவுண்டுகளையும் பார்த்திருந்தால்தான் அது ஏன் போதவில்லை என்று புரியும்.

நேரலையில் ஜப்பான் சண்டை பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று: அங்கே இரவு 9 மணி என்றால் நமக்கு மாலை 5.30. இயோக்காவின் பெரிய சண்டைகள் பலவும் டிசம்பர் 31இல் நடந்தவை என்பதால், புத்தாண்டு இரவுக்கு நண்பர்கள் கூப்பிட்டாலும் சண்டையை முடித்துவிட்டே கிளம்பலாம்.