எஸ்எஸ்டி மாட்டியும் ஸ்பீடு வரலையா? ஐடிஇ மோட்ல இருந்து ஏஹெச்சிஐக்கு மாத்துறது எப்படி

என்கிட்ட 2010 வாக்குல வாங்கின டெஸ்க்டாப் ஒண்ணு இருக்கு, அதுல சாட்டா எஸ்எஸ்டி மாட்டி பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் பண்ணி விண்டோஸ் 10 ஓட்டினேன். பூட் சீக்கிரம் ஆச்சு, ஆனா ஒரு பக்கம் அப்டேட் ஓட இன்னொரு பக்கம் ஃபைல் காப்பி பண்ணா மெஷின் திக்க ஆரம்பிச்சிடும். எஸ்எஸ்டியே மட்டம்னு நினைச்சு திருப்பிக் குடுக்கக் கிளம்பிட்டேன், ஆனா டிஸ்க்குல ஒரு குறையும் இல்ல, டிரைவர் அதுகிட்ட வேலை வாங்குற விதம்தான் தப்பு.

டிரைவர்னா விண்டோஸுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல பேசுற சாஃப்ட்வேர். அது பேசுறதுக்கு ஐடிஇன்னு பழைய முறை ஒண்ணு, ஏஹெச்சிஐன்னு புது முறை ஒண்ணு இருக்கு, என் மெஷின் பழைய முறையில இருந்துச்சு. ஐடிஇ மோட்ல டிரைவர் ஒரு கமாண்ட் அனுப்பும், அது முடிஞ்சப்புறம்தான் அடுத்தது. ஏஹெச்சிஐ மோட்ல என்சிக்யூன்னு ஒரு வசதி இருக்கு, அதுல 32 கமாண்ட் வரைக்கும் மொத்தமா வரிசையில போட்டுடலாம், எதை முதல்ல முடிக்கிறதுன்னு டிஸ்க்கே பாத்துக்கும். ஹோட்டல்ல பெரிய தோசைக்கல்லுல ஒரே நேரத்துல ஆறு தோசை ஊத்தலாம், ஆனா சப்ளையர் ஒரு தோசையைக் கொண்டுபோய் இலையில வெச்சிட்டு வந்துதான் அடுத்த ஆர்டரே சொல்றாருன்னா கல்லு முக்காவாசி காலியாத்தானே காயும்? எஸ்எஸ்டிக்குள்ள இருக்கிற ஃபிளாஷ் சிப்பெல்லாம் இப்படித்தான் சும்மா காயுது.

1. முதல்ல அளந்து பாருங்க

டிஸ்க் வேகத்தை அளக்குற கிரிஸ்டல்டிஸ்க்மார்க் இலவசம்தான், இறக்கி ஓடவிடுங்க. ரேண்டம் 4கேன்னு (சின்னச் சின்னத் துண்டா அங்கங்க படிக்கிற, எழுதுற வேகம்) ரெண்டு வரி வரும், ஒண்ணு க்யூ32, அதாவது 32 கமாண்டை வரிசையில வெச்சு அளக்குறது, இன்னொண்ணு க்யூ1, ஒண்ணொண்ணா அனுப்பி அளக்குறது. ரெண்டு நம்பரும் ஏறக்குறைய ஒண்ணா இருந்தா வரிசையே வேலை செய்யலன்னு அர்த்தம். எனக்கு ரெண்டுமே 20 சொச்சம் எம்பிதான் காட்டுச்சு.

2. டிவைஸ் மேனேஜர்ல உறுதி பண்ணுங்க

"ஐடிஇ ஏடிஏ/ஏடிஏபிஐ கன்ட்ரோலர்ஸ்" பகுதியை விரிச்சுப் பாருங்க. "ஸ்டாண்டர்டு சாட்டா ஏஹெச்சிஐ கன்ட்ரோலர்"னு இருந்தா உங்க பிரச்சனை வேற, இதோட நிறுத்திக்கலாம். டூயல் சேனல் ஐடிஇ கன்ட்ரோலர்னு மட்டும் இருந்தா மேல படிங்க. ரெய்டுன்னு (பல டிஸ்க்கை ஒண்ணா சேத்து ஓட்டுற முறை) ஏதாவது போட்டிருந்தா தயவுசெஞ்சு கை வைக்காதீங்க.

3. நேரா பயோஸுக்குப் போகாதீங்க

ஐடிஇ, ஏஹெச்சிஐ மாத்துற செட்டிங் பயோஸ்ல, அதாவது விண்டோஸுக்கு முன்னாடியே ஓடுற போர்டோட செட்டப்புல இருக்கு. எல்லாரும் மாட்டிக்கிற இடம் இதுதான். விண்டோஸ் பூட் ஆகும்போது தான் பழகின டிரைவரை மட்டும்தான் ஏத்தும், ஏஹெச்சிஐ டிரைவர் தூங்கிட்டு இருக்கும், அதனால பயோஸ்ல மட்டும் மாத்தினா டிஸ்க்கையே கண்டுபிடிக்க முடியாம "இன்ஆக்சஸபிள் பூட் டிவைஸ்"னு நீலத்திரை வந்து நிக்கும். அதுக்குத்தான் சேஃப் மோட், அடிப்படை டிரைவரை மட்டும் ஏத்தி விண்டோஸ் எழுற முறை.

முக்கியமான ஃபைலை எல்லாம் பேக்கப் எடுத்துடுங்க, டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் போட்டிருந்தா ரெக்கவரி கீயை பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க. அப்புறம் விண்டோஸ் கீயோட ஆர் அமுக்கி எம்எஸ்கான்ஃபிக்னு டைப் பண்ணி பூட் டேப்ல சேஃப் பூட்டை டிக் பண்ணுங்க, மினிமல்னு இருந்தா போதும். ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அக்கவுன்ட் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கான்னு பாத்துக்கோங்க, ஏன்னா சேஃப் மோட்ல சில மெஷின் பின் நம்பரை எடுக்காது.

4. பயோஸ்

ரீஸ்டார்ட் ஆகும்போதே டெலீட் இல்லன்னா எஃப்2 கீயை அமுக்கினா பயோஸுக்குள்ள போகலாம். சாட்டா மோட்னு இருக்கிறதை ஐடிஇல இருந்து ஏஹெச்சிஐக்கு மாத்தி சேவ் பண்ணுங்க. விண்டோஸ் சேஃப் மோட்ல எழுந்து புது டிரைவரை தானே ஏத்திக்கும். உள்ள போனதும் எம்எஸ்கான்ஃபிக்ல போட்ட சேஃப் பூட் டிக்கை எடுத்துட்டு இன்னொரு ரீஸ்டார்ட், அவ்வளவுதான். இது விண்டோஸ் 8, 10க்கு. விண்டோஸ் 7ன்னா ரெஜிஸ்ட்ரியில எம்எஸ்ஏஹெச்சிஐ சர்வீஸோட ஸ்டார்ட் மதிப்பை 0ன்னு வெச்சிட்டுத்தான் பயோஸைத் தொடணும்.

5. மறுபடி அளங்க

எனக்கு க்யூ1 கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்துச்சு, க்யூ32 மூணு இலக்கத்துக்குப் போச்சு, அதைப் பாத்தப்போ நிஜமாவே சந்தோஷம். பெரிய ஃபைல் காப்பி பண்ற வேகம் ரொம்ப மாறாது, ஏன்னா அதுக்கு போர்டுல இருக்கிற போர்ட்தான் எல்லை, சாட்டா 2ன்னா நொடிக்கு 300 எம்பி, சாட்டா 3ன்னா 600.

டிவைஸ் மேனேஜர்ல டிஸ்க் பிராப்பர்ட்டீஸ்ல பாலிசீஸ் டேப்ல ரைட் கேஷிங் (எழுத வேண்டிய டேட்டாவைக் கொஞ்ச நேரம் மெமரியில வெச்சுக்கிறது) ஆன்ல இருக்கட்டும். அதுக்குக் கீழ கேஷ் ஃபிளஷிங்கை நிறுத்துற இன்னொரு டிக் இருக்கும், யுபிஎஸ் இல்லாத வீட்ல அதைத் தொடவே தொடாதீங்க, கரண்ட் போனா எழுதிட்டு இருந்த டேட்டாவும் கூடவே போயிடும்.

இன்னொண்ணு, என்னைக்காவது கடிகாரம் தப்பா காட்டி, விண்டோஸும் பூட் ஆகாம நின்னா, பழைய போர்டுல பேட்டரி தீர்ந்து செட்டிங் ஐடிஇக்கே திரும்பிப் போயிருக்கும், 2032 பட்டன் செல் ஒண்ணு வாங்கிப் போட்டு நாலாவது ஸ்டெப்ல சொன்ன சாட்டா மோடை மறுபடி ஏஹெச்சிஐன்னு வெச்சிடுங்க.